பிறப்பு குறைந்தபோது மக்கள்தொகை ஏன் வேகமாகக் கூடியது? தமிழ்நாட்டின் சென்சஸ் எண்களைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1991க்கும் 2001க்கும் இடையில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 11.72 சதவீதம் கூடியது. அடுத்த பத்தாண்டில், அதாவது 2001 முதல் 2011 வரை, 15.61 சதவீதம். இதே காலத்தில்தான் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தை என்ற கணக்கு இறங்கிக்கொண்டே வந்தது, பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை குறைகிறது என்ற பேச்சும் ஆரம்பித்தது. பிறப்பு குறைகிறது, வளர்ச்சி விகிதம் ஏறுகிறது. எப்படி?

இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சென்சஸ் அட்டவணைகளுக்குள் போனால், ஒரு மாநிலத்தின் மக்கள்தொகை எப்படி மாறுகிறது என்பதைப் படிக்கத் தேவையான எல்லாமே வழியில் வந்துவிடும். தேவைப்படுவது எக்செல், கொஞ்சம் பொறுமை, அப்புறம் எந்த எண்ணைப் பார்த்தாலும் "யாரை எண்ணியிருக்கிறார்கள், எந்த எல்லைக்குள், எதால் வகுத்திருக்கிறார்கள்" என்று கேட்கும் பழக்கம். இங்கே உதாரணம் முழுக்கத் தமிழ்நாடுதான், ஆனால் முறை எந்த மாநிலத்துக்கும் ஒன்றுதான்.

படி 1: எந்த எண் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

2011 சென்சஸுக்கு இரண்டு எண்கள் உண்டு. கணக்கெடுப்பு முடிந்த சில வாரங்களிலேயே வந்தது தற்காலிக எண், பின்னால் எல்லாப் படிவங்களையும் சரிபார்த்து வந்தது இறுதி எண். தமிழ்நாட்டின் இறுதி எண் 7,21,47,030. எழுத்தறிவு தற்காலிகத்தில் 80.33, இறுதியில் 80.09. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் ஒரு பக்கம் தற்காலிகத்தையும் இன்னொரு பக்கம் இறுதியையும் போட்டு ஒப்பிட்டால் இல்லாத மாற்றம் இருப்பதுபோலத் தெரியும். இணையத்தில் சுற்றும் பாதி அட்டவணைகள் தற்காலிக எண்களை வைத்துச் செய்தவை, அதனால் எங்கே பார்த்தாலும் மூலத்துக்குப் போய்விடுங்கள். சென்சஸ் ஆணையரகத்தின் இணையதளத்திலேயே எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது.

அடுத்தது, 2021 சென்சஸ் என்று ஒன்று கிடையாது. கொரோனாவால் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக, அதாவது எந்த நாளின் நிலையை எண்ணுகிறார்களோ அந்த நாளாக, அறிவித்திருக்கிறார்கள். "2021இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.6 கோடி" என்று யாராவது எழுதினால் அது நிபுணர் குழு போட்ட முன்கணிப்பு. யாரும் வீடு வீடாகப் போய் எண்ணியது இல்லை. முன்கணிப்பைப் பயன்படுத்தலாம், முன்கணிப்பு என்று சொல்லிவிட்டுப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

அட்டவணைகளுக்கு எழுத்து வரிசை உண்டு. ஏ வரிசையில் மொத்த மக்கள்தொகை, பி வரிசையில் தொழில், சி வரிசையில் வயது, மதம், மொழி, கல்வி, டி வரிசையில் இடப்பெயர்வு, எஃப் வரிசையில் குழந்தைப்பேறு. வீடு, கழிப்பறை, டிவி போன்றவை வீட்டுப்பட்டியல் அட்டவணைகளில் தனியாக இருக்கும். இதைத் தெரிந்துகொண்டாலே தேடும் நேரம் பாதியாகிவிடும்.

படி 2: ஒரு பத்தாண்டைப் பார்க்காதீர்கள், நூறாண்டைப் பாருங்கள்

ஏ-2 என்ற அட்டவணையைத் திறங்கள். 1901இலிருந்து ஒவ்வொரு பத்தாண்டின் எண்ணும் அதில் இருக்கும். இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் 1901இல் இருந்தவர்கள் சுமார் 1.93 கோடி. 1951இல் 3.01 கோடி, 1971இல் 4.12 கோடி, 1991இல் 5.59 கோடி, 2001இல் 6.24 கோடி. உச்ச வேகம் 1961-71இல், 22.3 சதவீதம். அதற்குப் பிறகு 17.5, 15.39, 11.72 என்று வரிசையாக இறங்குகிறது. பிறகு திடீரென்று 15.61. நூறாண்டுக் கோட்டில் வைத்துப் பார்த்தால்தான் இந்த ஏற்றம் எவ்வளவு விசித்திரமானது என்று உறைக்கும்.

கூடவே இன்னொரு பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இந்தியாவின் மொத்தத்தில் தமிழ்நாட்டின் பங்கு. 1951இல் 8.3 சதவீதம், 1971இல் 7.5, 2011இல் 6 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. தமிழ்நாடு வளர்ந்துகொண்டேதான் இருந்தது, மற்ற மாநிலங்கள் அதைவிட வேகமாக வளர்ந்தன. மக்களவைத் தொகுதி மறுவரையறை பற்றிய இன்றைய சண்டை முழுக்க இந்த ஒற்றைப் பத்தியில் இருக்கிறது. 1962 தேர்தலில் 41 ஆக இருந்த தமிழ்நாட்டின் இடங்கள் 1967இல் 39 ஆனது, 1961 சென்சஸ் கணக்கின்படி. மாநிலங்களுக்கான இடங்களின் எண்ணிக்கையை 1971 சென்சஸோடு நிறுத்திவைத்து, அரசியலமைப்பின் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் சென்சஸ் வரை நீட்டித்தது. கணக்கு நாள் 2027 மார்ச் 1 என்றால், அந்த முதல் சென்சஸ் இதுதான்.

படி 3: பிறப்பு கழித்தல் இறப்பு, மீதி என்ன?

மக்கள்தொகை கூட இரண்டே வழிதான். இறப்பைவிடப் பிறப்பு அதிகமாக இருக்க வேண்டும், அல்லது போகிறவர்களைவிட வருகிறவர்கள் அதிகமாக இருக்க வேண்டும். முதல் வழியை அளக்க சென்சஸ் மட்டும் போதாது. ஆண்டுதோறும் வரும் மாதிரிப் பதிவு முறை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள், எஸ்.ஆர்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு என்று இருக்கும்.

தமிழ்நாட்டில் 2001இல் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு சுமார் 19, 2010இல் சுமார் 16. இறப்பு விகிதம் ஏழரையைச் சுற்றியே இருந்தது. ஆக, இயற்கை வளர்ச்சி ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஒன்பது, பத்து பேர். பத்தாண்டுக்குக் கூட்டு வட்டி மாதிரி போட்டால் ஏறத்தாழ 10 சதவீதம். 6.24 கோடியில் 10 சதவீதம் என்றால் 62 லட்சம் பேர் கூடியிருக்க வேண்டும். சென்சஸ் சொல்லும் கூடுதல் 97.4 லட்சம்.

கிட்டத்தட்ட 35 லட்சம் பேர் கணக்கில் இடிக்கிறார்கள்.

இந்தக் கணக்கு சரிதானா என்று சோதிக்க, அதே வேலையை முந்தைய பத்தாண்டுக்கும் செய்து பாருங்கள். 1990களின் பிறப்பு, இறப்பு விகிதங்களை வைத்தால் இயற்கை வளர்ச்சி சுமார் 12 சதவீதம் வரும். சென்சஸ் சொன்னது 11.72. அங்கே கணக்கு பொருந்துகிறது, 2001-11இல் பொருந்தவில்லை. அப்படியென்றால் 2000களில் ஏதோ புதிதாக நடந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு "வடமாநிலத்திலிருந்து 35 லட்சம் பேர் வந்துவிட்டார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். மீதி என்பது ஒரு மூட்டை, அதற்குள் பல விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் உண்டு. முன்பு வெளியே போயிருந்திருக்க வேண்டியவர்கள் போகாமல் இங்கேயே தங்கியதும், போனவர்கள் திரும்பி வந்ததும் உண்டு. எண்ணும்போது விடுபடுகிறவர்களும் இதில்தான் வருவார்கள். சென்சஸ் முடிந்ததும் ஒரு மாதிரிச் சோதனை நடத்துவார்கள், அதன்படி 2001, 2011 இரண்டிலும் நாடு முழுக்க ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருக்கிறார்கள். ஒரு மாநிலத்தில் முதல் தடவை அதிகம் விடுபட்டு, அடுத்த தடவை ஒழுங்காக எண்ணியிருந்தால், யாரும் புதிதாக வராமலேயே வளர்ச்சி ஏறும். எஸ்.ஆர்.எஸ். என்பதும் மாதிரிக் கணக்கு என்பதால் அதிலும் சின்ன விலகல் இருக்கும், ஆயிரத்துக்கு ஒன்று குறைத்துச் சொன்னால்கூட பத்தாண்டில் அது ஆறு லட்சத்துக்கு மேல் போய்விடும்.

சரி, மூட்டையைப் பிரிக்க என்ன வழி? அடுத்த படிகள் எல்லாம் அதற்குத்தான்.

படி 4: கூடியவர்கள் எந்த வயது?

0 முதல் 6 வயதுக் குழந்தைகள் 2001இல் 72.35 லட்சம், 2011இல் 74.24 லட்சம். பத்து ஆண்டில் கூடியது இரண்டு லட்சத்துக்கும் குறைவு. மொத்தத்தில் அவர்களின் பங்கு 11.6இலிருந்து 10.3 சதவீதமாக இறங்கிவிட்டது. அதாவது மாநிலத்தில் கூடிய 97 லட்சத்தில் 95 லட்சத்துக்கு மேல் ஏழு வயதும் அதற்கு மேலும். இதில் பெரும் பகுதி 1980களில், 90களில் பிறந்தவர்கள் வளர்ந்து பெரியவர்கள் ஆனதும், முதியவர்கள் முன்பைவிட அதிகக் காலம் வாழ்வதும்தான். பிறப்பு விகிதம் இன்று விழுந்தாலும் முன்பே பிறந்த பெரிய தலைமுறை இன்னும் உயிரோடுதானே இருக்கிறது, அதனால் எண்ணிக்கை உடனே நிற்காது.

வந்தவர்களைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வேலை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சி-14 அட்டவணையில் ஐந்தைந்து வயதுத் தொகுப்பாக எண்கள் இருக்கும். 2001இல் 10-14 வயதில் எத்தனை பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள். 2011இல் அதே ஆட்கள் 20-24 வயதில் இருப்பார்கள். அந்த வயதில் இறப்பு மிகக் குறைவு, எனவே எண் கிட்டத்தட்ட அப்படியே இருக்க வேண்டும், லேசாகக் குறையலாம். அது கூடியிருந்தால் யாரோ வந்திருக்கிறார்கள். நன்றாகக் குறைந்திருந்தால் யாரோ போயிருக்கிறார்கள். இதை மாவட்ட வாரியாக, ஆண் பெண் தனித்தனியாகச் செய்தீர்கள் என்றால் எந்த மாவட்டம் இளைஞர்களை இழுக்கிறது, எது வெளியே தள்ளுகிறது என்பது வரைபடம் போட்டதுபோலத் தெரிந்துவிடும். டி வரிசை அட்டவணைகளுக்காகக் காத்திருக்க வேண்டாம், அவை எப்போதும் பல ஆண்டு தாமதமாகத்தான் வரும். 2011இன் இடப்பெயர்வு அட்டவணைகள் வெளிவந்தது 2019இல்.

ஒற்றை வயது அட்டவணையான சி-13ஐப் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை. 30, 35, 40, 45 என்ற வயதுகளில் ஆட்கள் குவிந்து கிடப்பார்கள், 31இலும் 39இலும் ஆளே இல்லாததுபோல இருக்கும். கணக்கெடுக்க வீட்டுக்கு வந்த டீச்சர் "வயசு என்னம்மா?" என்று கேட்கும்போது "ஒரு நாப்பது போட்டுக்கோங்க" என்று சொல்லும் நாடு இது. அதனால் ஐந்து வயதுத் தொகுப்பே பாதுகாப்பு.

முதியவர்கள் பக்கம் பார்த்தால், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 2011இல் தமிழ்நாட்டில் 10.4 சதவீதம். கேரளத்தில் 12.6. முன்கணிப்பின்படி 2031இல் தமிழ்நாடு 18.2க்குப் போகும். எஸ்.ஆர்.எஸ். கணக்கில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 2010இல் 1.7, 2020இல் 1.4. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21க்கு 1.8 என்கிறது. இரண்டும் அரசு எண்கள், இரண்டும் வேறு முறைகள். காலப்போக்கில் ஒப்பிடும்போது ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள், வசதிக்கேற்ப மாற்றி மாற்றி எடுக்கக் கூடாது.

படி 5: மாவட்டத்துக்கு இறங்குங்கள், எல்லையைக் கவனியுங்கள்

15.61 என்பது மாநிலச் சராசரி, அந்த வேகத்தில் வளர்ந்த மாவட்டத்தைத் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். பழைய காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதம் வளர்ந்தது, 28.8 லட்சத்திலிருந்து ஏறக்குறைய 40 லட்சம். திருவள்ளூர் 35.3 சதவீதம். சென்னை மாவட்டம் வெறும் 7 சதவீதம். இன்னொரு பக்கம் நீலகிரி, 7,62,141இலிருந்து 7,35,394 ஆகக் குறைந்திருக்கிறது, 3.5 சதவீதம் இறக்கம்.

இதை மட்டும் பார்த்துவிட்டு "சென்னை வளரவில்லை" என்று சொல்ல முடியுமா? முடியாது. 2011 சென்சஸின் சென்னை என்பது 174 சதுர கிலோமீட்டர் பழைய மாநகராட்சி, அங்கே இருந்தவர்கள் 46.5 லட்சம். அம்பத்தூர் அப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் தனி நகராட்சி. சென்சஸ் முடிந்து சில மாதங்களில், 2011 அக்டோபரில், மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர் ஆனது. அந்தப் புதிய எல்லைக்கு அதே 2011 மக்களைக் கூட்டினால் சுமார் 67 லட்சம் வரும். புறநகரையும் சேர்த்த நகர்ப்புறத் திரளாக எடுத்தால் சுமார் 86.5 லட்சம். மூன்றும் சரி, மூன்றுமே "2011இல் சென்னை". காஞ்சிபுரத்தின் 39 சதவீதத்தில் பெரும் பகுதி சென்னை தன் எல்லையைத் தாண்டி வழிந்ததுதான், பழைய மகாபலிபுரம் சாலையும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளும் அதற்குள்தான் வருகின்றன.

நீலகிரி எதனால் குறைந்தது என்று சென்சஸ் சொல்லாது. எண் மட்டும்தான் அதன் வேலை, காரணத்தை வெளியே தேட வேண்டும். 2000த்தை ஒட்டி பச்சைத் தேயிலை விலை விழுந்ததும், ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நொடித்துப்போனதும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகள் தேயிலைத் தோட்ட வேலையை விட்டுக் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கியதும் அங்கே எல்லோரும் சொல்லும் காரணங்கள். மேலே சொன்ன வயதுத் தொகுப்பு வேலையை நீலகிரிக்குச் செய்து பார்த்தால், எந்த வயதினர் போனார்கள் என்றாவது பிடிபடும்.

மாவட்ட ஒப்பீட்டில் இன்னொரு பள்ளம், மாவட்டங்களே மாறிவிடுகின்றன. 2001இல் 30 மாவட்டங்கள், 2011இல் 32. இடையில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது, கோவை ஈரோட்டிலிருந்து பகுதிகளை எடுத்துத் திருப்பூர் வந்தது. 2001 அறிக்கையின் தருமபுரியும் 2011 அறிக்கையின் தருமபுரியும் வேறு வேறு நிலப்பரப்பு. நல்லவேளையாக 2011 அட்டவணைகளில் 2001 எண்ணையும் புதிய எல்லைக்கு மாற்றிக் கொடுத்திருப்பார்கள், அதைப் பயன்படுத்துங்கள்.

படி 6: "நகரமயமாதல்" எண்ணைப் பாதி நம்புங்கள்

1991இல் தமிழ்நாட்டின் நகர்ப்புற மக்கள் 34.15 சதவீதம், 2001இல் 44.04, 2011இல் 48.40. இதை மேடையில் சொன்னால் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிராமத்தைக் காலி செய்துவிட்டுப் பட்டணம் போனதுபோல ஒரு சித்திரம் வரும். ஆனால் 1991இல் நகரம் என்று எண்ணப்பட்ட ஊர்கள் 469, 2001இல் 832. ஆள் இருந்த இடத்திலேயே இருக்கிறார், ஊரின் பட்டம் மாறிவிட்டது. அதனால்தான் அந்தப் பத்தாண்டில் கிராம மக்கள்தொகை 3.68 கோடியிலிருந்து 3.49 கோடியாகக் குறைந்ததுபோலத் தெரிகிறது, அடுத்த பத்தாண்டில் மறுபடியும் 3.72 கோடியாக ஏறுகிறது.

2011இலும் இது தொடர்ந்தது, வேறு வடிவத்தில். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று சட்டப்படி நகரமானவை 721. அவற்றோடு, ஊராட்சியாகவே இருந்துகொண்டு சென்சஸ் கணக்கில் மட்டும் நகரமாகும் ஊர்கள் உண்டு. குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மைத் தொழிலாளர்களான (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்த) ஆண்களில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலை, இந்த மூன்றும் இருந்தால் அது சென்சஸ் நகரம். 2001இல் இப்படி 111, 2011இல் 376. இந்த வளர்ச்சியை வெறும் பெயர் மாற்றம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது, ஏனென்றால் அந்த ஊர் ஆண்கள் நிஜமாகவே வயலை விட்டு மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் கடைக்கும் போய்விட்டார்கள். தமிழ்நாட்டில் பல இடங்களில் மனிதர்கள் நகரத்துக்குப் போகவில்லை, நகரம் அவர்கள் ஊருக்கு வந்துவிட்டது.

பி வரிசையில் அதே கதை இன்னொரு முகத்தோடு வரும். சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்கிறவர்கள் 51 லட்சத்திலிருந்து 42 லட்சமாகக் குறைந்தார்கள். விவசாயக் கூலிகள் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகக் கூடினார்கள். விவசாயத்தை விட்டு எல்லோரும் வெளியேறுகிறார்கள் என்ற பொதுப்பேச்சை இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். முதன்மைத் தொழிலாளர், குறுகிய காலத் தொழிலாளர் இரண்டையும் சேர்த்த எண் இது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவர்கள் இரண்டாவது வகை.

படி 7: பாலின விகிதம் ஒன்றல்ல, இரண்டு

ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள்? தமிழ்நாட்டில் 1991இல் 974, 2001இல் 987, 2011இல் 996. இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன்னால் 0-6 வயதுக் கணக்கைப் பாருங்கள். 948, 942, 943. மொத்த விகிதம் ஏறுவதற்குப் பெண்கள் ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்வதும், ஆண்கள் வேலைக்கு வெளியே போவதும் போதும். பெண் குழந்தை பிறக்க விடுகிறார்களா, வளர விடுகிறார்களா என்று சொல்வது குழந்தைகளின் விகிதம் மட்டுமே. அது அசையவே இல்லை.

அசையாத அந்தச் சராசரிக்குக் கீழே பெரிய நகர்வு இருந்தது. பெண் சிசுக்கொலைக்குப் பெயர்பெற்று, 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்ட சேலத்தில் 2001இல் 851 ஆக இருந்த எண் 2011இல் 916க்கு ஏறியது. அதே காலத்தில், யாருடைய பட்டியலிலும் இல்லாத கடலூரில் 957இலிருந்து 896க்கு விழுந்தது. பக்கத்தில் அரியலூர் 897. மாநில எண்ணை மட்டும் பார்த்தவருக்கு "மாற்றம் இல்லை", மாவட்டத்தைப் பார்த்தவருக்குப் பிரச்சினை இடம் மாறியிருக்கிறது. சென்சஸைப் படிக்க மெனக்கெடுவதற்கு இந்த ஒரு உதாரணம் போதும் என்று நினைக்கிறேன்.

மொத்த விகிதத்துக்கும் ஒரு பயன் உண்டு, ஆண்கள் எங்கே போனார்கள் என்று காட்டும். 2011இல் தஞ்சாவூரில் 1,035, நீலகிரியில் 1,042. வெளிநாட்டுக்கோ வெளியூருக்கோ போய், கணக்கெடுப்புக் காலமான பிப்ரவரி 9 முதல் 28 வரை வீட்டில் இல்லாதவர் அந்த வீட்டில் எண்ணப்படமாட்டார். 1901இல் இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியின் விகிதம் 1,044 என்று இருப்பதைப் பார்க்கும்போது, இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறிய ஆண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: வந்தவர்களை மொழி காட்டிக்கொடுக்கும், ஆனால் ஏமாற்றவும் செய்யும்

மறுபடி 35 லட்சத்துக்கு வருவோம். டி வரிசையில் நேரடியாகப் பார்க்கலாம்தான், ஆனால் அங்கே இடம்பெயர்ந்தோர் என்றால் கடைசியாக வசித்த இடம் வேறாக இருக்கும் எல்லோரும். நாடு முழுக்க 2011இல் இப்படி 45.6 கோடிப் பேர், அதில் மிகப் பெரிய காரணம் திருமணம். பக்கத்து ஊரில் வாக்கப்பட்ட பெண்ணும் இடம்பெயர்ந்தவர்தான். எனவே காரணம், ஆண் பெண், மாநிலத்துக்குள்ளா வெளியா என்று மூன்றாகப் பிரித்த பிறகே அந்த எண்ணைத் தொடுங்கள்.

தாய்மொழி அட்டவணையான சி-16 இன்னொரு தடயம். தமிழ்நாட்டில் இந்தி என்ற தலைப்பின் கீழ் வருகிறவர்கள் 2001இல் சுமார் 1.9 லட்சம், 2011இல் சுமார் 3.9 லட்சம். இரண்டு மடங்கு, ஆனால் கூடியது இரண்டு லட்சம்தான். 35 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வங்காளம், ஒடியா, அசாமி எல்லாவற்றையும் சேர்த்தாலும் வடமாநில வரவை மட்டும் வைத்து அந்த மீதியை நிரப்ப முடியாது என்பது இங்கே தெளிவாகிவிடுகிறது. கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில் இருப்பவரைக் கணக்கெடுப்பாளர் விட்டிருக்கலாம், அவருடைய சொந்த ஊரில் குடும்பத்தார் அவரையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், ஆகவே நிஜ எண் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அப்படியே வைத்துக்கொண்டாலும் பக்கத்து மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், வெளியே போவது குறைந்தது, 2001இல் விடுபட்டது ஆகியவற்றுக்கு மீதியில் பெரிய இடம் இருக்கிறது. என் கணிப்பு, கடைசி இரண்டுக்கும் நாம் கொடுக்கும் கவனம் மிகக் குறைவு.

தெலுங்கு 5.87 சதவீதம் என்பதைப் பார்த்து "ஆந்திராவிலிருந்து வந்தவர்கள்" என்று எழுதுவது இன்னொரு தப்பு, அவர்களில் பெரும்பாலோர் நூற்றாண்டுகளாக இங்கேயே இருப்பவர்கள். சென்சஸ் பல தாய்மொழிகளை ஒரே தலைப்பு மொழியின் கீழ் தொகுத்துவிடும், அதற்குள் என்ன அடங்கியிருக்கிறது என்றும் பாருங்கள். நீலகிரிப் படுகர்களின் மொழியைச் சென்சஸ் கன்னடத்தின் கீழ் போட்டிருக்கிறது, மதுரை சௌராஷ்டிரத்தைக் குஜராத்தியின் கீழ், போஜ்புரியையும் மார்வாரியையும் இந்தியின் கீழ். தமிழ்நாட்டின் குஜராத்தி எண்ணைக் கண்டு, வடஇந்திய வணிகர்கள் வாழும் சென்னையின் சௌகார்பேட்டையை நினைத்தால், அதில் பெரும் பங்கு மதுரை நெசவாளர் குடும்பங்களாக இருக்கும்.

படி 9: எதால் வகுத்தார்கள்?

எழுத்தறிவு 80.09 சதவீதம் என்பது ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில். 5.18 கோடி எழுத்தறிந்தவர்களை மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் 72 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். இரண்டு எண்ணும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆண் பெண் இடைவெளிதான் இங்கே கவனிக்க வேண்டியது, 2001இல் 18 புள்ளிகள், 2011இல் 13.

பட்டியல் சாதியினர் 19இலிருந்து 20 சதவீதமாகக் கூடினார்கள். சட்டப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே அந்தப் பட்டியலில் எண்ணப்படுவார்கள், தலித் கிறிஸ்தவர்கள் அதற்கு வெளியே. மற்ற சாதிகளுக்கு 1931க்குப் பிறகு சென்சஸ் எண்ணே வெளிவந்ததில்லை, யார் எந்தச் சதவீதம் சொன்னாலும் அது அந்த 1931 எண்ணை நீட்டிப் போட்டதோ வேறு ஆய்வோதான்.

குடும்பங்கள் 1.42 கோடியிலிருந்து 1.85 கோடி ஆயின, சராசரி அளவு 4.4இலிருந்து 3.9. ஆட்களைவிட வீடுகள் வேகமாகக் கூடுகின்றன என்றால் ரேஷன் கார்டு, மின் இணைப்பு, தண்ணீர் எல்லாவற்றுக்கும் கணக்கு மாறும். வீட்டுப்பட்டியலில் இன்னொன்று, டிவி உள்ள வீடுகள் 39.5 சதவீதத்திலிருந்து 87க்குத் தாவின, இலவச டிவி கொடுத்த காலம் அது. வளாகத்துக்குள் கழிப்பறை இருந்தவை 48.3 சதவீதம் மட்டுமே. இந்தக் கழிப்பறை எண்ணை இன்றைய நிலைமைக்கு ஆதாரமாகக் காட்டாதீர்கள், அதற்குப் பிறகு நிறையக் கட்டியாகிவிட்டது.

படி 10: 2027 எண்கள் வரும் முன்னே செய்ய வேண்டியது

2011இல் 32 ஆக இருந்த மாவட்டங்கள் இப்போது 38. 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, 2020இல் மயிலாடுதுறை. புதிய எண்கள் வெளியாகும் அன்று எல்லோரும் "வேலூர் மக்கள்தொகை சரிந்தது" என்று தலைப்பு போடுவார்கள், மூன்றாகப் பிரிந்த மாவட்டம் சரியாமல் என்ன செய்யும்? எனவே இப்போதே 2011இன் தாலுகா, கிராம அளவு எண்களை இறக்கி, இன்றைய 38 மாவட்டங்களுக்கும் கூட்டி ஒரு எக்செல் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம், ஆண், பெண், 0-6 ஆண், 0-6 பெண், எழுத்தறிந்தவர், குடும்பங்கள் என்று ஏழு பத்திகள் போதும். சென்னைக்கு மட்டும் 426 சதுர கிலோமீட்டருக்குத் தனி வரி போடுங்கள்.

இன்னொரு பத்தியில் 2011 முதல் எஸ்.ஆர்.எஸ். பிறப்பு, இறப்பு விகிதங்களை ஆண்டு வாரியாக எழுதிவையுங்கள். இந்தத் தடவை இடைவெளி பத்து ஆண்டு இல்லை, பதினாறு. பத்தாண்டு வளர்ச்சி விகிதத்தோடு அப்படியே ஒப்பிட்டால் எல்லாமே பெரிதாகத் தெரியும், ஆண்டு விகிதமாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். நடுவில் 2020, 2021 ஆண்டுகளின் கொரோனா இறப்புகள் இருக்கின்றன, அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் சராசரி போடாமல் தனியாகவே வையுங்கள். சென்சஸ் மொத்தம் வந்தவுடன் படி 3இன் கழித்தலைச் செய்யலாம், மீதி 2001-11ஐப் போலவே பெரிதாக இருந்தால் இடப்பெயர்வு வாதம் வலுக்கும், காணாமல் போயிருந்தால் 2001இன் விடுபடல் மீது சந்தேகம் கூடும்.